‘ரைட் ஆஃப்’ ஆனால் கடன் தீர்ந்துவிடுமா?
வணிகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஓர் ஆங்கிலச் சொல்



நம் கடைகளில் தினமும் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் பல. ஸ்டாக், பில், டிஸ்கவுண்ட், டெலிவரி என்பவற்றை நாம் தமிழாகவே நினைத்துப் பேசுகிறோம். அவற்றால் தொல்லை இல்லை. ஆனால் ஒரு சில சொற்களின் பொருளைப் பாதி மட்டும் தெரிந்துகொண்டு நடந்தால் கையிலுள்ள பணம் போகும். அப்படிப்பட்ட சொற்களில் முதலாவதாக ‘ரைட் ஆஃப்’ என்பதை எடுத்துக்கொள்கிறோம்.

“இத்தனை ஆயிரம் கோடி கடனை வங்கிகள் தள்ளுபடி செய்தன” என்று பத்திரிகையில் செய்தி வருகிறது. அதைப் படித்துவிட்டு, “அண்ணாச்சி, என் லோனையும் ரைட் ஆஃப் பண்ணிட்டாங்களாம், இனிமே கட்ட வேண்டாம்லா?” என்று கேட்பவர்கள் நம் கடைத்தெருவில் உண்டு. இன்னொரு பக்கம், “நோட்டில் அடித்துவிட்டால் அப்புறம் அவனிடம் எப்படிக் கேட்பது?” என்று பத்து வருடத்துப் பழைய பாக்கியை அப்படியே பேரேட்டில் சுமந்துகொண்டு, வராத பணத்தையும் சொத்தாகக் காட்டிவருபவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே சொல்தான் குழப்பம். இருவருக்கும் நஷ்டம்.

குழப்பத்திற்கு நம் பத்திரிகைத் தமிழும் ஒரு காரணம். கடையில் விலையைக் குறைத்தால் ‘தள்ளுபடி’. கோர்ட்டில் மனுவை ஏற்க மறுத்தால் ‘தள்ளுபடி’. அரசு விவசாயக் கடனை மன்னித்தால் ‘தள்ளுபடி’. வங்கி வராத கடனைத் தன் கணக்கிலிருந்து எடுத்தாலும் ‘தள்ளுபடி’. ஆங்கிலத்தில் இந்த நான்குக்கும் நான்கு வேறு சொற்கள். ‘ரைட் ஆஃப்’ என்பது நான்காவது மட்டுமே.

சொல் எப்படி அமைந்தது?

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லோடு அப், டவுன், ஆஃப், அவுட், பேக் போன்ற சிறு சொல் ஒன்று சேர்ந்தால் பொருளே மாறிவிடும். இது நமக்குப் புதிதல்ல. ‘விடு’ என்பது ஒன்று, ‘கைவிடு’ என்பது வேறு. ‘கூடு’ என்பது ஒன்று, ‘கைகூடு’ என்பது வேறு. ‘மாறு’ என்பதற்கும் ‘கைமாறு’ என்பதற்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும். ‘கை’யைத் தனியாகப் பிரித்துப் பொருள் பார்த்தால் விளங்காது. சேர்த்தே பார்க்க வேண்டும். ஆங்கிலமும் அப்படித்தான்.

‘ரைட்’ என்றால் எழுது. ‘ஆஃப்’ என்றால் விலக்கி, அப்பால். இரண்டும் சேர்ந்தால், ‘எழுதி விலக்கு’ என்று பொருள். ‘எழுதி’ என்பதைக் கவனியுங்கள். அழிப்பது அல்ல. நம் பெரியவர்கள் பேரேட்டில் ஒரு தொகையைச் சுரண்டவோ மை பூசி மறைக்கவோ விடமாட்டார்கள். தவறானாலும், வராமல் போனாலும், எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வரி எழுதித்தான் நேர் செய்வார்கள். ரைட் ஆஃப் என்பதும் அதுவே. நம் பள்ளிக் கணக்குப் பதிவியல் புத்தகங்களில் இதற்கு ‘போக்கெழுதுதல்’ என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. பத்திரிகைகள் ‘தள்ளுபடி’ என்பதை விட்டு இதைப் பயன்படுத்தினால் பாதிக் குழப்பம் தீரும்.

பேசும் முறையையும் தெரிந்துகொள்ளலாம். கடனின் பெயரைச் சொல்லும்போது ‘ரைட் ஆஃப் தி டெட்’ என்றும் சொல்லலாம், ‘ரைட் தி டெட் ஆஃப்’ என்றும் சொல்லலாம். ஆனால் ‘அதை’ என்று சுட்டும்போது ‘ரைட் இட் ஆஃப்’ என்றுதான் வர வேண்டும். ‘ரைட் ஆஃப் இட்’ என்றால் பிழை. நடந்து முடிந்ததைச் சொல்ல ‘ரோட் ஆஃப்’. எழுதப்பட்டுவிட்டது என்பதற்கு ‘ரிட்டன் ஆஃப்’. ஆடிட்டர் தரும் தாளிலும் வங்கி அனுப்பும் கடிதத்திலும் பெரும்பாலும் இந்தக் கடைசி வடிவமே இருக்கும்.

நம் பேரேட்டில் ரைட் ஆஃப்

ஒரு டீக்கடைக்காரர் நம்மிடம் சர்க்கரை, தேயிலை வாங்கி ரூ.18,000 பாக்கி வைத்துவிட்டு ஊரை விட்டுப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் தேடியும் பயனில்லை. அவர் பெயரில் பாக்கி நிற்கும் வரை நம் ஐந்தொகையில் அது சொத்து. இல்லாத சொத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறோம். அதனால் வாராக்கடன் கணக்கில் ரூ.18,000 பற்று எழுதி, அவர் பெயரில் ரூ.18,000 வரவு எழுதுகிறோம். அவர் கணக்கு நேராகிவிட்டது. அந்தத் தொகை நம் நஷ்டத்தில் சேர்ந்துவிட்டது. இதுதான் ரைட் ஆஃப்.

இதில் வருமான வரிப் பயன் உண்டு. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 36-ம் பிரிவு, வாராக்கடனைக் கழித்துக்கொள்ள அனுமதித்தது. முன்பு, அந்தக் கடன் உண்மையிலேயே வராது என்று வணிகர் நிரூபிக்க வேண்டியிருந்தது. 1989 ஏப்ரல் 1 முதல் அந்த விதி மாறியது. கணக்குப் புத்தகத்தில் வராதது என்று போக்கெழுதினால் போதும் என்றாயிற்று. டி.ஆர்.எஃப். லிமிடெட் வழக்கில் 2010-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதி செய்தது. 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறை நாளாகக் கொண்ட 2025-ம் ஆண்டுப் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. ஆகவே எண்ணை ஆடிட்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சில நிபந்தனைகளை மறக்கக் கூடாது. அந்தத் தொகை முன்பே நம் விற்பனையில் சேர்ந்து வருமானமாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். உறவினருக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை என்றால், மளிகைக் கடைக்காரர் அதை வாராக்கடனாகக் கழிக்க முடியாது. வட்டித் தொழில் நடத்துபவருக்குத்தான் அது பொருந்தும். ‘வராமல் போகலாம்’ என்று சந்தேகப்பட்டு ஒதுக்கி வைப்பது வாரா ஐயக்கடன் ஒதுக்கு. அது ரைட் ஆஃப் ஆகாது, நமக்கு வரிக் கழிவும் இல்லை. கணக்குப் புத்தகம் வைக்காமல், விற்பனையில் குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் காட்டி வரி கட்டும் அனுமான முறையில் இருப்பவர்கள் வாராக்கடனைத் தனியாகக் கழிக்க இயலாது. அந்தச் சதவீதத்திலேயே எல்லாச் செலவும் அடக்கம்.

ஜி.எஸ்.டி.யில் நிலைமை இன்னும் கடுமை. சரக்கை விற்று, வரியும் கட்டிவிட்டோம், வாங்கியவர் பணம் தரவில்லை. கடனைப் போக்கெழுதினாலும் கட்டிய ஜி.எஸ்.டி. திரும்பி வராது. சரக்கு திரும்பி வருவது, பில்லில் தொகை கூடுதலாகப் போடப்பட்டிருப்பது போன்ற காரணங்களுக்குத்தான் கிரெடிட் நோட் போடலாம். ஆள் ஓடிப்போனதற்குக் கிரெடிட் நோட் போட முடியாது.

எழுதினால் மன்னித்ததாகுமா?

இப்போது முக்கியக் கேள்விக்கு வருவோம். பேரேட்டில் போக்கெழுதிய பிறகு அந்த டீக்கடைக்காரர் நம் கண்ணில் பட்டால் பணம் கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம். ரைட் ஆஃப் என்பது நமக்கும் நம் புத்தகத்திற்கும் இடையே நடந்த காரியம். அவருக்கு நாம் எதுவும் சொல்லவில்லை, எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் பிறகு பணம் கொடுத்தால் வாங்கி, அந்த வருடத்து வருமானத்தில் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

கடனை மன்னிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘வெய்வ்’ என்று தனிச் சொல் உண்டு. ‘வெய்வர்’ என்பது அதன் பெயர்ச்சொல். நம் நாட்டில் பலர் ‘வெய்வ் ஆஃப்’ என்று எழுதுகிறார்கள். அதில் ‘ஆஃப்’ தேவையில்லை. ரைட் ஆஃபின் வால் அங்கே போய் ஒட்டிக்கொண்டது. வால் ஒட்டியதோடு பொருளும் கலந்துவிட்டது.

1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி, பணம் பெற வேண்டியவர் அதை முழுதாகவோ பகுதியாகவோ விட்டுக்கொடுக்கலாம். ஆகவே எச்சரிக்கை வேண்டிய இடம் நம் பேரேடு அல்ல. அடுத்தவர் கைக்குப் போகும் தாள். “பாக்கி எதுவும் இல்லை” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அல்லது “கணக்கு முடிந்தது” என்று ரசீது எழுதினால், அதைக் கடனை விட்டுக்கொடுத்ததாக அவர் காட்ட முடியும். கணக்கப்பிள்ளை தெரியாமல் எழுதிக் கொடுத்த ஒரு வரி நம் கையைக் கட்டிவிடும்.

கேட்கும் உரிமைக்குக் காலக்கெடுவும் உண்டு. சரக்குக் கடனுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு. 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டம் இதைச் சொல்கிறது. மூன்று ஆண்டு முடிவதற்குள் கடன்பட்டவர் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கொடுத்தால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். ஆகவே வருடக் கணக்கு முடிக்கும்போது பெரிய பாக்கிதாரர்களிடம் இருப்புத் தொகையைக் காட்டிக் கையெழுத்து வாங்கி வைப்பது நல்ல வழக்கம். போக்கெழுதுவதால் இந்தக் கெடு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

வங்கியின் ரைட் ஆஃப்

நாம் டீக்கடைக்காரருக்குச் செய்ததையே வங்கி நமக்குச் செய்கிறது. கடன் செயல்படாக் கடனாகி, பொதுவாக நான்கு ஆண்டில் அதற்கு முழு ஒதுக்கீடும் செய்தபின், வங்கி அதைத் தன் ஐந்தொகையிலிருந்து எடுத்துவிடுகிறது. வாங்கியவரின் பொறுப்பு அப்படியே இருக்கிறது. அடமானச் சொத்தின் மீது நடவடிக்கை, கோர்ட் வழக்கு, ஜாமீன் போட்டவரிடம் வசூல் எதுவும் நிற்பதில்லை.

2022 டிசம்பரில் மத்திய நிதி அமைச்சர் மாநிலங்களவையில் கொடுத்த கணக்குப்படி, அதற்கு முந்தைய ஐந்து நிதியாண்டுகளில் வங்கிகள் போக்கெழுதியது ரூ.10,09,511 கோடி. அதே ஐந்தாண்டில் போக்கெழுதிய கணக்குகளிலிருந்தே ரூ.1,32,036 கோடி வசூலானது. மன்னித்த கடனாக இருந்தால் வசூல் ஏது? இந்த ஒரு கணக்கே விஷயத்தை விளக்கிவிடும். போக்கெழுதிய தொகையில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வசூலாகியிருக்கிறது என்பது வேறு விவாதம். ஆனால் கடன் ‘தீர்ந்துவிட்டது’ என்பது தவறு.

இதற்கு நேர் எதிராக, உண்மையான வெய்வருக்கும் உதாரணம் உண்டு. 2008-ல் மத்திய அரசு அறிவித்த விவசாயக் கடன் தள்ளுபடித் திட்டம் ஒன்று. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவுச் சங்கங்களில் 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகளின் ரூ.12,110 கோடி பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது இன்னொன்று. இவற்றில் அரசு கடனை ஏற்றுக்கொண்டது. விவசாயி கட்ட வேண்டியதில்லை. ஒரே தமிழ்ச் சொல் இரண்டுக்கும் போடப்படுவதால்தான், நம் சிறு வணிகர்கள் வங்கி நோட்டீஸை மேசை டிராயரில் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

சிபில் அறிக்கையில் நம் பெயருக்கு எதிரே ‘ரிட்டன் ஆஃப்’ என்று இருந்தால், அது நிம்மதிக்கான செய்தி அல்ல. அடுத்த கடன் கேட்கப் போகும் வங்கிக்கு அது சிவப்புக் கொடி. வங்கியுடன் பேசி ஒரே தவணையில் முடித்துக்கொள்ளும் ஏற்பாடு செய்தால், எழுத்து மூலம் உத்தரவு, பணம் கட்டிய ரசீது, பாக்கியில்லாச் சான்று மூன்றையும் வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். கடன் முழுதும் தீர்ந்தபின் அடமானப் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு ரூ.5,000/- தர வேண்டும் என்று 2023-ல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் இது அமலில் உள்ளது.

சரக்கைப் போக்கெழுதும்போது

கடன் மட்டும்தான் ரைட் ஆஃப் ஆகும் என்பதில்லை, சரக்கும் ஆகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி நகரிலும் தாமிரபரணிக் கரை ஊர்களிலும் கடைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நனைந்த அரிசி, கரைந்த சர்க்கரை, ஊறிப்போன பருப்பு மூட்டைகளை அள்ளி வெளியே போட்டோம்.

அப்படிப்பட்ட சரக்கைக் கணக்கிலிருந்து எடுக்கும்போது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு குறுக்கே வருகிறது. தொலைந்த, திருடு போன, அழிந்த, ‘ரிட்டன் ஆஃப்’ செய்த சரக்கிற்கும், அன்பளிப்பாகவும் இலவச மாதிரியாகவும் கொடுத்த சரக்கிற்கும் உள்ளீட்டு வரி கிடையாது என்று அந்தப் பிரிவு சொல்கிறது. ரூ.40,000-க்கு வாங்கிய சர்க்கரை நனைந்து போனால், அதற்கு 5 சதவீதம் கட்டி எடுத்துக்கொண்ட ரூ.2,000 உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். ஆகவே உண்மை நஷ்டம் ரூ.42,000. இன்சூரன்ஸ் கிளெய்ம் போடும்போது இந்த வரியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு உள்ளீட்டு வரியே இல்லாததால் இந்தத் திருப்பமும் இல்லை.

சேதச் சரக்கை அப்புறப்படுத்துமுன் போட்டோ எடுத்து, அயிட்டம் வாரியாக எடை, கொள்முதல் பில் எண் எழுதி, சர்வேயர் பார்த்தபின் அகற்றுவதே முறை. தேதியும் காரணமும் இல்லாமல் “சேதம் ரூ.40,000” என்று ஒரே வரியில் போக்கெழுதினால் வரி அதிகாரியும் ஏற்க மாட்டார், இன்சூரன்ஸ் கம்பெனியும் ஏற்காது. 2021 ஏப்ரல் முதல் சிறு கடைகளுக்கென ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பொதுவான பாலிசி எல்லாப் பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளிலும் கிடைக்கிறது. வெள்ளமும் புயலும் அதில் அடங்கும்.

வண்டிக்கும் இதே சொல் வரும். வெள்ளத்திலோ விபத்திலோ சிக்கிய லோடு வண்டியைப் பழுது பார்க்கும் செலவு, பாலிசியில் குறித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘முழு நஷ்டம்’ என்று தீர்க்கிறார்கள். பேச்சு வழக்கில் அந்த வண்டியை ‘ரைட் ஆஃப்’ என்பார்கள். இங்கே அது பெயர்ச்சொல். ‘இனி ஓட்டத்திற்கு ஆகாதது’ என்று பொருள்.

உடன்பிறப்புச் சொற்கள்

இதே குடும்பத்தில் வேறு சில சொற்களும் ஆடிட்டர் வாயில் வரும். ‘ரைட் டவுன்’ என்றால் மதிப்பை ஓரளவு குறைத்து எழுதுதல். பழைய ஸ்டாக் பிஸ்கட் முழுவதும் வீணாகவில்லை, பாதி விலைக்குத்தான் போகும் என்றால் அது ரைட் டவுன். ‘ரைட் பேக்’ என்றால் முன்பு நஷ்டமாக எழுதியதைத் திரும்ப வரவில் கொண்டுவருதல். ஃபிரிட்ஜ், தராசு, கம்ப்யூட்டர் ஆகியவற்றின் விலையை ஆண்டுதோறும் தேய்மானமாகக் கழித்துக்கொண்டு வருவதையும் ரைட் ஆஃப் என்பதுண்டு. ‘பே ஆஃப்’ என்றால் கடனை முழுதும் கட்டித் தீர்த்தல். ‘செட் ஆஃப்’ என்றால் அவர் நமக்குத் தர வேண்டியதையும் நாம் அவருக்குத் தர வேண்டியதையும் ஒன்றுக்கொன்று கழித்துக்கொள்ளுதல். ரைட் ஆஃப், பே ஆஃப், செட் ஆஃப் மூன்றிலும் ‘ஆஃப்’ இருக்கிறது. ஆனால் கடன் உண்மையில் தீர்வது பே ஆஃபிலும் செட் ஆஃபிலும்தான்.

பழைய கம்பெனிக் கடிதங்களில் ‘ரைட் ஆஃப் ஃபார் எ பிரைஸ் லிஸ்ட்’ என்றும் பார்க்கலாம். விலைப்பட்டியல் கேட்டுக் கடிதம் எழுதிப் போடு என்பது அதன் பொருள். நஷ்டத்திற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆளுக்கும் ஊருக்கும்

இன்னொரு பொருளும் உண்டு. ஒருவரை “இவர் இனித் தேறமாட்டார்” என்று ஒதுக்கிவிடுவதும் ரைட் ஆஃப்தான். ‘டோன்ட் ரைட் ஹிம் ஆஃப்’ என்றால், “அவரை ஆகாதவர் என்று தீர்த்துவிடாதே” என்று அர்த்தம்.

இந்தப் பொருளுக்கு நம் கொற்கையைவிட நல்ல உதாரணம் இல்லை. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முன் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் கடல்வழிக் குறிப்பில் இடம்பெற்ற முத்துத் துறைமுகம் அது. தாமிரபரணி வண்டல் சேர்ந்து கடல் விலக, இன்று கொற்கை கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி நிற்கும் சிற்றூர். துறைமுகம் போயிற்று, வணிகம் போகவில்லை. அது பழைய காயலுக்கு நகர்ந்தது, பிறகு தூத்துக்குடிக்கு வந்தது. 1974-ல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்போடு இயற்கை முத்து வியாபாரம் முடிந்தது என்று எல்லோரும் கைகழுவிய பின்பு, 1973-ல் இதே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியில் வளர்ப்பு முத்து விளைவித்துக் காட்டினார்கள். ஊரார் போக்கெழுதிய கணக்கிலும் வரவு வரலாம்.

சுருக்கமாக நினைவில் கொள்ள:

1. ரைட் ஆஃப் என்பது தன் கணக்கில் எழுதிக்கொள்வது. கடன்பட்டவரை அது விடுவிக்காது.

2. வெய்வ் என்பது விட்டுக்கொடுப்பது. அதை அடுத்தவருக்கு எழுத்தில் கொடுத்தால் திரும்பக் கேட்பது கடினம்.

3. வங்கி நம் கடனை ரைட் ஆஃப் செய்தது என்று கேள்விப்பட்டால், உடனே கிளைக்குச் சென்று நிலுவைத் தொகையை எழுத்தில் கேளுங்கள்.

4. வராத பாக்கியை மார்ச் மாதக் கணக்கு முடிக்குமுன் ஆடிட்டருடன் உட்கார்ந்து தேதி, காரணத்தோடு போக்கெழுதுங்கள்.

5. மூன்று ஆண்டு முடிவதற்குள் பாக்கிதாரரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

6. சேதச் சரக்கைப் போக்கெழுதும் மாதத்திலேயே அதன் உள்ளீட்டு வரியையும் திருப்புங்கள். இன்சூரன்ஸில் அதைச் சேர்த்துக் கேளுங்கள்.

கடன் கொடுக்காமல் மளிகைக் கடை நடத்த முடியாது என்பது நமக்கெல்லாம் தெரியும். கொடுத்த கடனில் சிறிது வராமலும் போகும். அதைச் சரியான பக்கத்தில், சரியான பெயரில், சரியான நேரத்தில் எழுதி வைப்பவரின் கடைக்கு ஒரு டீக்கடைப் பாக்கியால் ஆபத்து வராது.